சின்ன லேத்தில் டாஞ்சென்ஷியல் டூல்: தீட்டுவதும் உயரம் வைப்பதும்

வீட்டில் பெஞ்ச் லேத் வைத்துக்கொண்டு படகுக்குப் புஷ், பின், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் என்று கடைபவர்களுக்கு நான் முதலில் சொல்வது டாஞ்சென்ஷியல் டூல்தான். சாதாரண டூலில் பிட் (வெட்டும் எஃகுத் துண்டு) படுத்திருக்கும், மூன்று முகம் தீட்ட வேண்டும். இதில் சதுரப் பிட் ஒரு மூலை வேலையை, அதாவது கடையும் தண்டைப் பார்த்தபடி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். ஹோல்டரே அதை இரண்டு பக்கமும் 12 பாகை சாய்த்துப் பிடிப்பதால் கிளியரன்ஸ் (பிட்டின் பக்கம் வேலையில் உரசாமலிருக்க வேண்டிய இடைவெளி) தானாகக் கிடைத்துவிடும். தீட்ட வேண்டியது மேல்முகம் ஒன்றுதான். டூல் போஸ்ட்டைத் திருப்பாமல் டர்னிங் (விட்டத்தைக் கடைவது), ஃபேசிங் (முனைமுகத்தைக் கடைவது) இரண்டும் செய்யலாம்.

ஆஸ்திரேலியாவின் எக்சென்ட்ரிக் இன்ஜினியரிங் விற்கும் டயமண்ட் டூல் ஹோல்டர் நல்ல சரக்கு. ஆனால் அங்கிருந்து வரவழைப்பதைவிட, ஒரு எம்.எஸ். (மென் எஃகு) கட்டையில் சாய்வாகக் காடி போட்டு நாமே செய்துகொள்வதுதான் எனக்குப் பிடிக்கும். மில்லிங் மெஷின் உள்ள பட்டறையில் படம் வரைந்து கொடுத்தால் வேலை முடிந்தது. பிட்டுக்கு மிராண்டா கம்பெனியின் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்), கால் அங்குலச் சதுரம்.

தீட்டும்போது பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். பிட் வேலையை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது, அதனால் நுனியைச் சதுரமாகத் தீட்டினால் மேல்முகம் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும், அப்புறம் அது வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும். வெட்டும் மூலை உச்சியில் நிற்க, அங்கிருந்து எதிர்மூலைக்குச் சரிவு இறங்க வேண்டும். சரியாக வந்தால் மேல்முகம் வைர வடிவத்தில் தெரியும். பிட்டை மூலை தூக்கி உட்கார வைக்கிற ஒரு வி-காடி ஜிக் அவசியம், வெறுங்கையில் அதே கோணம் மறுபடி வராது. வெள்ளை அலுமினியம் ஆக்சைடு வீல் போதும். பச்சை வீல் கார்பைடுக்கு. சூடான பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், நுண்விரிசல் விழும். கடைசியாக எண்ணெய்க் கல்லில் நாலு இழுப்பு, மூலையிலும் லேசாக ஒரு தடவல்.

அடுத்தது சென்டர் உயரம், அதாவது வேலை சுழலும் அச்சின் உயரம். கண்ணால் பார்த்து வைக்க வேண்டாம், ஒரு கேஜ் செய்துவிடுங்கள். சக்கில் தண்டைப் பிடித்து லேசாகக் கடைந்து விட்டம் அளந்துகொள்ளுங்கள். கிராஸ் ஸ்லைடின் (டூலைக் குறுக்கே நகர்த்தும் மேடை) மேலிருந்து தண்டின் உச்சிவரை அளந்து, அதில் விட்டத்தின் பாதியைக் கழித்தால் வருவதுதான் சென்டர் உயரம். அந்த உயரத்துக்கு ஒரு உருளை கடைந்து, தலையில் ஒரு தகட்டை வெளியே நீட்டியபடி ஸ்க்ரூ போட்டு வையுங்கள். பிட்டைத் தளர்த்தி, முனை தகட்டின் அடியில் தட்டும்வரை உயர்த்தி இறுக்கினால் சரி. ஃபேசிங் செய்து பாருங்கள், நடுவில் குமிழ் மிஞ்சினால் உயரம் இன்னும் சரியில்லை.

கேஜை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பிட் சாய்ந்திருப்பதால், ஒரு மி.மீ. உயர்த்தினால் முனை சுமார் 0.2 மி.மீ. வேலையை நோக்கி நகரும், விட்டத்தில் அது 0.4. மறுபடி தீட்டிய பிறகு அதே உயரத்தில் வைத்தால் முனை ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நிற்கும், டயலில் பெரிய மாற்றம் இருக்காது.

வேகம்: 25 மி.மீ. எம்.எஸ். தண்டுக்கு 300 ஆர்.பி.எம். பக்கம், எஸ்.எஸ். 304 என்றால் 200-க்குக் கீழே. எஸ்.எஸ்.ஸில் ஃபீடை (டூலின் நகர்வை) நடுவில் நிறுத்தாதீர்கள், டூல் தேய்த்த இடம் இறுகிவிடும்.

பின்சேர்க்கை: கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ்ஷில் பிட் உள்ளே இழுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மேல்முகச் சரிவு அதிகம் என்பதால்தான் அது. ஸ்லைடு ஜிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் பட்டை) முதலில் இறுக்குங்கள், கன்மெட்டலுக்கும் பித்தளைக்கும் சரிவைக் குறைத்துத் தீட்டிய தனிப் பிட் வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிங் (வேலையை அறுத்துத் துண்டாக்குவது) இதில் ஆகாது, அதற்கு வேறு டூல்தான்.

தொண்டியிலிருந்து ஒருவர் பிட் காடிக்குள் சிக்கிக்கொண்டு ஏறவே இல்லை என்று கேட்டார். நம் கரையோர உப்புக்காற்றில் காடிக்குள் ஈரம் தங்கினால் துரு பிடித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். வேலை முடிந்ததும் பிட்டை வெளியே எடுத்து, காடியில் கிடக்கும் இரும்புத்தூளைப் பிரஷ்ஷால் தள்ளி, எண்ணெய்த் துணியால் துடைத்துப் போடுங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு இரவு விட்டுவிட்டு, கீழிருந்து பித்தளைத் தண்டால் மெதுவாகத் தட்டுங்கள். சுத்தியலால் நேராக அடித்தால் பிட் உடைந்து தெறிக்கும்.