போராட்டமும் ஒடுக்குமுறையும்: இந்த ஆய்வுத் துறையில் காலூன்றுவது எப்படி?

போராட்டத்தையும் அரசின் ஒடுக்குமுறையையும் ஆராயும் அரசியல் அறிவியலாளராக விரும்புபவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரு நாட்டை அன்று, ஒரு புதிரை. ஒடுக்கினால் எதிர்ப்பு அடங்குமா, பெருகுமா என்ற கேள்விக்குப் பல பத்தாண்டுகளாகியும் ஒரே விடை கிடைக்கவில்லை. சில இடங்களில் தடியடி தெருவைக் காலியாக்குகிறது, வேறு சில இடங்களில் மறுநாள் இருமடங்குக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. எதிர்ப்பு எழுந்தால் அரசு ஒடுக்க முனையும் என்பதோ ஏறத்தாழ எல்லா ஆய்வுகளிலும் உறுதிப்படுகிறது. நல்ல ஆய்வேடுகள் பிறப்பது இந்த முரணிலிருந்துதான். தலைப்புச் செய்தியைத் துரத்திச் சென்றவர் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து முனைவர் பட்டத்தை முடிக்கும்போது அந்தச் செய்தியை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

புள்ளியியலையும், ஆய்வுக்குரிய மக்களின் மொழியையும் ஒருசேரக் கற்க வேண்டும்.

அதற்கடுத்து, சில மாதங்களாவது தரவுத் தொகுப்பில் கைப்பட உழைக்க வேண்டும். ‘தலைநகரில் மாணவர்களும் போலீசாரும் மோதினர், பலர் கைது’ என்ற ஒற்றை வரிச் செய்தியை எடுத்துக்கொள்வோம். முதலில் கை ஓங்கியது யார்? ‘பலர்’ என்பது 10 பேரா, 200 பேரா? கைது நடந்தது மோதலுக்கு முன்பா, பின்பா? இவற்றுக்கெல்லாம் விதிகளை எழுதிவைத்து, ஒரே செய்தியை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவர் பிறர் தொகுத்த எண்களை அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார். பல நாடுகளின் போராட்டங்களைப் பட்டியலிடும் ‘மாஸ் மொபிலைசேஷன்’ தரவுத் தொகுப்பு 50 பேருக்குக் குறைவான கூட்டங்களைச் சேர்ப்பதில்லை. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமைச்சகத்தின் வாசலில் நிற்கும் ஐந்து தாய்மார்கள் அதில் இடம்பெற மாட்டார்கள்.

இத்துறையின் ஆகக் கடினமான சிக்கல் இங்கேதான் இருக்கிறது: ஒடுக்குமுறை முழுமையாக வென்ற இடத்தில் பதிவு என்று எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே, இல்லாததை அளக்கும் வழியைக் கண்டுபிடிப்பவரின் பெயர் நிலைக்கிறது. சீன இணையத் தணிக்கையைப் பற்றி 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சமூக ஊடகப் பதிவுகள் நீக்கப்படுவதற்கு முன்பே அவற்றைச் சேகரித்து, பின்னர் எவை மறைந்தன என்று ஒப்பிட்டது. அரசைச் சாடிய பதிவுகள் பெரும்பாலும் தப்பின என்பதும், மக்கள் ஒன்றுகூட வழிவகுக்கும் பதிவுகளே குறிவைக்கப்பட்டன என்பதும் அப்படித்தான் தெரியவந்தன.

களப்பணிக்குப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் தேவை. அந்தத் தாள் மட்டும் யாரையும் காப்பாற்றாது. எகிப்தின் தொழிற்சங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கேம்பிரிட்ஜ் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் 2016-இல் கெய்ரோவில் கடத்தப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம், அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியிடுவதில்லை என்ற வாக்குறுதியுடன் பதிவுசெய்த நேர்காணல்களை ஒப்படைக்கும்படி, அவற்றை வைத்திருந்த அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரிக்கு 2011-இல் நீதிமன்ற ஆணை வந்தது. சில ஒலிநாடாக்கள் காவல்துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எனவே சட்டத்தால் காக்க முடியாத வாக்குறுதியைத் தரக்கூடாது. பெயர்களை எழுதாமலிருப்பதும், அடையாளங்களைக் குறிப்புகளிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைப்பதும், எல்லையைக் கடக்கும்போது மடிக்கணினியில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் பழக்கமாக வேண்டும். தரவை வெளியிடச் சொல்லும் ஆய்விதழிடம், சிற்றூர்களின் பெயர்களை நீக்கிய பிறகே தருவதாகத் தயங்காமல் சொல்லலாம்.

வேலை தேடும் பருவத்தில் பத்து அரைகுறைக் கட்டுரைகளைவிடச் செறிவான ஒன்றே உதவும். நேர்முகத்தில் ஆய்வை எடுத்துரைத்ததும், ‘பதிவாகாத நிகழ்வுகளை என்ன செய்தீர்கள்?’ என்று யாரேனும் கேட்பது ஏறத்தாழ உறுதி. அதற்கான விடையைக் கேள்வி வரும்வரை காத்திராமல் உரையின் முதல் பாதியிலேயே சொல்லிவிடுவது நல்லது.