கினோசாகிக்குக் குளிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் போக நினைக்கும் நம்மவர்களுக்கு முதலில் வரும் பயம், பொது இடத்தில் ஆடையில்லாமல் குளிக்க வேண்டுமே என்பது. அதையே நினைத்துக் குழம்பி, உண்மையில் கவனிக்க வேண்டியதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியலறைதான். நீச்சலுடைக்கு அனுமதி கிடையாது. உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும்.

ஹியோகோ மாகாணத்தில் உள்ள கினோசாகி ஒன்சென்னை (ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று) எடுத்துக்கொள்வோம். கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். 1925 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்து, திரும்பக் கட்டப்பட்ட ஊர். நடுவே ஒரு சிற்றாறு, கரையில் வில்லோ மரங்கள், சுற்றிலும் ஏழு பொதுக் குளியலகங்கள். ரயில் நிலையம் வாசல், தெருக்கள் நடைவழி, விடுதிகள் அறைகள், குளியலகங்கள் குளியலறை, மொத்த ஊரும் ஒரே விடுதி என்பார்கள் ஊர்க்காரர்கள்.

அதனால்தான், பகலில் வந்து மாலையில் திரும்பும் திட்டத்தை முதல் தவறு என்பேன். சில குளியலகங்கள் காலை 7 மணிக்கே திறந்துவிடும், சில பிற்பகல் 3 மணிக்குத்தான் திறக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. காலையில் வந்து இறங்கினால் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். இருட்டிய பிறகு, விளக்கொளியில் மரச்செருப்புச் சத்தத்தோடு எல்லோரும் தெருவில் உலாவும் நேரத்தில் நீங்கள் ரயிலில் இருப்பீர்கள். ஓரிரவு தங்குங்கள். விடுதியில் தங்குவோருக்குக் குளியலகங்களுக்கான அனுமதிச் சீட்டும் சேர்த்தே கிடைக்கும்.

அடுத்தது, ஏழையும் ஒரே நாளில் முடித்துவிடும் வெறி. கோயில் கோயிலாகப் போய்க் கணக்கு முடிப்பது போல இதையும் செய்யப் பார்க்கிறார்கள். தண்ணீர் சுமார் 42 டிகிரி. உப்புச் சத்துள்ளது என்பதால் வெளியே வந்தபிறகும் உடம்பு நெடுநேரம் சூடாக இருக்கும். ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும். நாளுக்கு மூன்று இடம் என்பதே தாராளம். அதற்கு மேல் போனால் தலைசுற்றல், குமட்டல், ஒரேயடியான அசதி. மது அருந்திவிட்டோ வயிறு நிறையச் சாப்பிட்டவுடனோ இறங்க வேண்டாம். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, உள்ளே என்ன செய்யக்கூடாது? தொட்டி ஊறுவதற்கு மட்டும்தான், அழுக்கு தேய்ப்பதற்கு அல்ல. முதலில் சுவரோரம் இருக்கும் சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு முழுதாகக் குளித்து, நுரை போக அலச வேண்டும். நின்றுகொண்டு தண்ணீர் அடித்தால் பக்கத்திலிருப்பவர் மேல் தெறிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் ஷாம்பூ போட்டுச் சுத்தமாகப் போக்கிவிடுங்கள்; எண்ணெய்ப் படலம் மிதக்கும் தொட்டியில் இறங்க யாருக்கும் பிடிக்காது. நீண்ட கூந்தலைத் தண்ணீரில் படாமல் தூக்கி முடிய வேண்டும். கையில் இருக்கும் சின்னத் துண்டைத் தொட்டியில் நனைக்கக் கூடாது, தலைமேல் மடித்து வைத்துக்கொள்ளலாம். வெளியே வரும்போது அதே துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டே உடை மாற்றும் அறைக்குள் நுழையுங்கள். பலர் மறப்பது இதைத்தான். அங்கே தரை ஈரமானால் எல்லோருக்கும் எரிச்சல். உடை மாற்றும் இடத்தில் செல்போனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

பச்சை குத்தியிருப்பவர்களைப் பல ஒன்சென்களில் உள்ளே விடமாட்டார்கள். கினோசாகியின் ஏழு பொதுக் குளியலகங்களில் அந்தத் தடை இல்லை. ஆனால் விடுதிக்குள்ளேயே இருக்கும் குளியலறைக்கு விதி வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பையன்களை அம்மாவோடு அனுப்பும் வயதும் குறைந்துவிட்டது: ஏழு வயதானவர்களை அப்படி அனுப்பக் கூடாது என்று 2020இல் ஜப்பான் அரசின் வழிகாட்டுதல் மாறியது. குசாட்சு போன்ற கந்தக நீர் ஊர்களுக்கும் போவதாக இருந்தால் கால் மெட்டியைக் கழற்றிவிடுங்கள், வெள்ளி கறுத்துப்போகும்.

விடுதியில் தரும் யுகாதா அங்கியைக் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பது இந்த ஊரில் சாதாரணம். இடப்பக்கத்து மடிப்பு மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டினால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் யாராவது ஒரு பாட்டி ஓடிவந்து சரிசெய்துவிடக்கூடும்!

கடைசியாகச் சாப்பாடு. குளிர்காலத்தில் இந்த ஊர் நண்டுக்குப் பேர் போனது. விடுதியின் இரவு விருந்தே நண்டைச் சுற்றித்தான் இருக்கும். சைவம் என்று அங்கே போய்ச் சொன்னால் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியாது. பார்க்கக் காய்கறி சூப்பாகத் தெரிவதிலும் உலர்ந்த மீனின் சாறு இருக்கும். அறை பதிவு செய்யும்போதே, மீன் சாறும் கூடாது என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் உணவில்லாத கட்டணத்தில் அறை எடுங்கள். கியோத்தோவிலேயே சாப்பாடு வாங்கி ரயிலில் ஏறிவிடலாம். உணவோடு எடுத்திருந்தால் மாலை 5 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரவு உணவை அங்கே சீக்கிரமே பரிமாறிவிடுவார்கள், உங்களுக்காக அடுப்பு காத்திருக்காது.