மார்கழிக் கச்சேரிக்கு வருகிறீர்களா? தாலுகா ஆபீஸ் வேலையை அதோடு சேர்க்காதீர்கள்

டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போடும் நம்மவர்கள் பலர் இரண்டு காரியங்களை ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்கள். ஒன்று சீசன் கச்சேரி கேட்பது, இன்னொன்று வீடு, நிலம், வாரிசு என்று பாக்கி கிடக்கும் காகித வேலையை முடிப்பது. தயவுசெய்து இரண்டையும் ஒரே பயணத்தில் வைக்காதீர்கள். கச்சேரி சொன்ன நேரத்துக்குத் தொடங்கும். அலுவலகம் நீங்கள் ஊர் திரும்பும் நாள்வரை "நாளைக்கு வாங்க" என்று சொல்லும்.

முதலில் கச்சேரி. சீசன் டிசம்பர் 15இல் தொடங்கி ஜனவரி 1இல் முடிகிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது மியூசிக் அகாடமியின் கணக்கு. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாட்டில் முளைத்து, 1928இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஜனவரி 1 அன்று நடக்கும் சதஸில், அதாவது நிறைவு விழாவில், சங்கீத கலாநிதி விருது கொடுப்பார்கள். கச்சேரி நடத்தும் மற்ற சபாக்கள் சில நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். மயிலாப்பூர் பாரதிய வித்யா பவனில் கூட்டம் அலைமோதாத நாட்களில் நல்ல கச்சேரி கேட்கலாம். ஆனால் டிசம்பர் முதல் வாரத்தை நம்பி வராதீர்கள். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் அந்த வாரத்தில் வந்தவைதான்.

அகாடமி மாலைக் கச்சேரிக்கு இடம் கிடைக்கவில்லை என்று சோர்ந்து போகிறவர்களைப் பார்க்கிறேன். சோர வேண்டாம். திருவல்லிக்கேணியில் 1900இல் பிறந்த பார்த்தசாரதி சுவாமி சபா இருக்கிறது, தி. நகரில் கிருஷ்ண கான சபா, திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் விழா. தமிழ்ப் பாட்டு மட்டுமே கேட்க வேண்டுமென்றால் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் அங்கே இன்றும் விழா நடத்துகிறது. பண் ஆராய்ச்சி அமர்வுகளில் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவர் தேவாரப் பண்ணைப் பாடிக் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டு மேடைகளில் அது கிடைக்காது.

என் பரிந்துரை மதியக் கச்சேரிதான். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இளம் பாடகர்கள் பாடுவார்கள், பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. அரங்கில் முப்பது பேர் இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் முழு மூச்சோடு பாடுவார்கள். அப்பா அந்தக் கச்சேரிகளுக்குத்தான் போவார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஜூலையில் என்பதால் நாங்கள் ஜூலையில்தான் போவோம். ஜூலையில் அப்பாவிடம் கேட்க ரேடியோவும், போன சீசன் பற்றிய பேச்சும்தான் இருந்தன. உங்கள் பெற்றோர் இருக்கிறார்கள் என்றால், பிள்ளைகளின் பள்ளியில் லீவு கேட்டாவது ஒரு டிசம்பரில் வாருங்கள்.

இனி அலுவலகம். அப்பா போன பிறகு வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அது இல்லாமல் அப்பாவின் வங்கிக் கணக்கும் நகரவில்லை, பட்டாவும் மாறவில்லை. வழி எளிது போலத் தெரியும். இ-சேவை மையத்தில் மனு. அது கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், வட்டாட்சியரிடம் சேர வேண்டும். இதில் நீங்கள் எங்கே மாட்டுவீர்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பெயர்தான் முதல் முட்டு. ரேஷன் கார்டில் அப்பா இனிஷியலோடு இருந்தார். இறப்புச் சான்றிதழில் இனிஷியல் விரிந்து முழுப் பெயராக இருந்தது, அதோடு ஓர் எழுத்து கூட. என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி முன்னும் பின்னும் மாறிக் கிடந்தது. "இவரும் அவரும் ஒருத்தர்னு எப்படி சார் ஒத்துக்கறது?" என்று கேட்டார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோன அன்று அவர் லீவு. அடுத்த நாள் அவர் வந்தார், மேலே கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலவே பிளாஸ்டிக் உறையில் இறந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா வாராவாரம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறாராம். எனக்காவது திரும்பிப் போக ஒரு விமானம் இருந்தது, அவருக்குக் கூலி போன நாள் திரும்பாது.

பிறகு நேர்விசாரணை. வீட்டுக்கு வருவார்கள், என்று வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். கச்சேரியை எல்லாம் விட்டுவிட்டு வீட்டிலேயே காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மனம் கேட்காமல் ஒரு மதியம் மட்டும் சபாவுக்குப் போனேன். ஒரு பெண் கரகரப்ரியா ராகத்தை விரித்துப் பாடி முடித்து, மிருதங்கக்காரர் தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குக் கையை எடுத்த நேரத்தில் போன் அதிர்ந்தது. "விசாரணைக்கு வந்திருக்கோம், வீடு பூட்டியிருக்கே?" எல்லோரும் காபிக்காக எழுந்து போகும் அந்தத் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகக் கூடாது என்று அப்பா சொல்வார். நான் எழுந்து ஓடினேன்.

ஆட்டோவில் போய் இறங்கியபோது எதிர் ஃபிளாட் மாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அவரை நன்னாத் தெரியும். டிசம்பர்ல தினமும் ஒரு மணிக்குக் குடையும் கையுமா கிளம்புவார். பையனை நான் பார்த்ததில்லையே" என்றார் மாமி. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன் ஓடிவந்து, "தம்பிதான் சார், காலேஜ் போறப்ப சட்டை நான்தான் தேய்ச்சுக் குடுப்பேன்" என்று சாட்சி சொன்னார். அவர் குடியிருப்பது வேறு பகுதி என்பதால் அதை எழுதிக்கொள்ளவில்லை. நான் பிறந்து வளர்ந்த தெருவில், நான் இன்னார் மகன் என்று சொல்ல ஆள் தேடி மாலை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

அதனால் கேளுங்கள். ஊரில் இருக்கும்போதே அதே தெருவில் குடியிருக்கும் இரண்டு பேரிடம் முகம் காட்டிப் பழகுங்கள், அவர்களுடைய ஆதார் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அப்பா அம்மா பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள், அவர்கள் கையெழுத்திட்டால் திருத்தம் சுலபம். வாரிசுகளில் ஒருவர் உள்ளூரில் இருந்தால் அவரே மனு போடட்டும். மற்ற சொத்து வேலைகளுக்கு நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். நேரில் வந்தே ஆக வேண்டும் என்றால் பொங்கல் கழிந்து வாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகளுக்கு நடுவே எந்தக் கோப்பும் அசையாது.

உறவுக்காரர்கள் மாலை ஆறு மணிக்கு தாம்பரத்தில் டிபனுக்குக் கூப்பிடுவார்கள். காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். மயிலாப்பூர், ராயப்பேட்டைப் பக்கம் மெட்ரோ வேலை முடியும்வரை மாலையில் கார் எடுத்தால் கச்சேரியின் முதல் உருப்படியான வர்ணம் போய்விடும். தங்குவதை நடக்கும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பறக்கும் ரயிலில் திருமயிலை வந்து இறங்கி நடங்கள்.

நகரத்துக்கு வெளியே மாமல்லபுரம் நாட்டிய விழா டிசம்பர் கடைசியில் தொடங்கும். திறந்தவெளி, கடற்காற்று, வயதானவர்களுக்குச் சால்வை வேண்டும். பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம் நடக்கிறது. 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் அரசு மீண்டும் எடுத்த விழா. பறையையும் நையாண்டி மேளத்தையும் அதை வாசிக்கிறவர்களுக்கு இரண்டடி தள்ளி நின்று கேட்கலாம். அங்கே பிள்ளைகளைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். சபாவில் நெளியும் என் மகன் அங்கே நகர மறுத்தான்.

திருவையாற்றில் தியாகராஜருக்கு நடக்கும் ஆராதனையின் தேதி திதியைப் பொறுத்தது, பெரும்பாலும் ஜனவரியில் வரும். அவர் மறைந்த திதியான பகுள பஞ்சமி காலையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அவர் இயற்றிய ஐந்து பஞ்சரத்ன கிருதிகளையும் கூடிப் பாடுவார்கள். முதல்நாளே தஞ்சாவூர் போய்த் தங்குங்கள், அங்கிருந்து 13 கிலோமீட்டர்தான். பாடி முடிந்ததும், தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதியும் பக்கத்தில் இருக்கிறது, பார்க்காமல் வராதீர்கள். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும். வண்டி எழும்பூரிலிருந்தா தாம்பரத்திலிருந்தா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் அதற்குப் பிறகு சென்னை திரும்ப வேண்டியதில்லை, திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது.