ஹிக்கரி மரம்: கெட்டின்னு நம்பி பண்ற தப்புகள்

ஹிக்கரின்னா செம கெட்டி, அதனால எங்க வேணா போடலாம்னு நினைக்கிறாங்க பாருங்க, முக்கால்வாசி தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் அதிகமா வளர்ற வால்நட் குடும்பத்து மரம், பீக்கான் கூட இதே இனம்தான். மரம் எவ்வளவு கெட்டின்னு அளக்குற ஜாங்கா டெஸ்ட்ல ஷாக்பார்க்ங்கிற ஹிக்கரி வகைக்கு 1880 வருது, வெள்ளை ஓக்குக்கே 1360 தான். ஆனா கோடாலிக்கும் சுத்தியலுக்கும் இதைத் தேடிப்போய் காம்பு போடுறது வெறும் கெட்டித்தனத்துக்காக இல்ல, அடி விழுறப்போ அதிர்ச்சிய வாங்கிக்கிட்டு ஒடியாம கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், அதுக்குத்தான். டிரம் ஸ்டிக்கும் அதனாலதான் இதுல செய்றாங்க.

காம்பு வாங்கும்போது செவப்பா இருக்கேன்னு ஒதுக்கிட்டு வெள்ளையையே பொறுக்குவாங்க. செவப்பு உள்வைரம், வெள்ளை வெளிக்கட்டை, பலத்துல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் கிடையாது. பார்க்க வேண்டியது ரேகை. அடிப்பக்கம் பார்த்தா கோடெல்லாம் கோடாலி வாய் இருக்கிற திசையில ஓடணும், நீளவாக்குல பார்த்தா பாதியிலயே வெளிய போயிடக்கூடாது. மரத்தோட வருஷ வளையம் நெருக்கமா இருந்தா நல்ல கட்டைன்னு ஒரு பேச்சு இருக்கு, ஹிக்கரியில அது தலைகீழ், ரொம்ப நெருக்கமா இருந்தாதான் பலம் குறைவு.

இன்னொன்னு, காம்பு லூசாச்சுன்னா ராத்திரி பூரா தண்ணில ஊறப்போடுறது. எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஊதும், அப்ப டைட்டாதான் இருக்கும், ஆனா சுத்திலும் இரும்பு இருக்குறதால உள்ள இருக்கிற நார் நசுங்கி, காஞ்சதும் முன்னாடிய விட அதிகமா ஆடும். ஆப்பை இறுக்குங்க, இல்ல புதுசா அடிங்க, அப்புறம் ஆளிவிதை எண்ணெய் தடவுங்க. தடவின துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடேறி தீப்பிடிக்கும், சும்மா பயமுறுத்தல.

தரைக்குப் போடுறவங்க பலகைய கொண்டுவந்த அன்னிக்கே அடிச்சிடுறாங்க, இது பச்சையிலிருந்து காயுறப்போ அகலத்துல 10 சதவீதத்துக்கு மேல கூட சுருங்குற மரம், காஞ்ச பிறகும் ஈரத்துக்கு ஏத்த மாதிரி அசைஞ்சுட்டேதான் இருக்கும், அதனால அந்த ரூம்லயே கொஞ்ச நாள் கெடக்கட்டும். ஆணிக்கு முன்னாடி துளை போடலைன்னா பொளந்துக்கும். வெளிய மழையில வைக்கிற வேலைக்கு இது வேண்டவே வேண்டாம், சீக்கிரம் மக்கும், வெளிக்கட்டைய பூச்சி உளுக்க வச்சிடும்.

கறிய புகையில வாட்டவும் ஹிக்கரி பேமஸ், ஆனா கட்டைய அள்ளிப்போட்டா கறி கசக்கும். ஒடைஞ்ச பழைய காம்பு இருக்கேன்னு அதை எடுத்து அடுப்புல போட்டுடாதீங்க, அதுல வார்னிஷ் இருக்கும்.