ஒன்லைனா வகுப்பறையா: ஒப்பிடும்போது நாம் விடும் பிழைகள்

பெற்றோர் கூட்டம் எது நடந்தாலும் இந்தப் பேச்சு ஒரு தடவை வந்துவிடுகிறது. "கொரோனா காலத்துல ஒன்லைன்ல படிச்ச பிள்ளைங்க ஒன்னுமே படிக்கல மிஸ்" என்பார் ஒரு அப்பா. "அப்படிச் சொல்லாதீங்க, என் மக வகுப்புல வாயே தெறக்க மாட்டா, வட்ஸ்அப்புல எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டா" என்பார் பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா. இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை வைத்து, பிள்ளைகளோடு கலந்துரையாட ஒன்லைன் நல்லதா வகுப்பறை நல்லதா என்று முடிவுகட்டப் போனால் பிழையான இடத்தில்தான் போய் நிற்போம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் பல வருடங்களாக வரலாறு படிப்பிக்கிறேன். இந்தப் பிழைகளில் சிலதை நானே விட்டிருக்கிறேன்.

முதலாவது, 2020, 2021இல் நடந்ததை "ஒன்லைன் கல்வி" என்று எடுத்துக்கொள்வது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது யாரும் திட்டம் போட்டு எதையும் தொடங்கவில்லை. கைக்கு அகப்பட்டதை வைத்துச் சமாளித்தோம். கல்வி ஆய்வாளர்கள் அந்த வருடமே அதற்கு "அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்" என்று தனிப்பெயர் வைத்து, முறையாக வடிவமைத்த ஒன்லைன் கல்வியோடு அதைக் குழப்ப வேண்டாம் என்று எழுதினார்கள். நம் பக்கத்துக்கு இது இன்னும் பொருந்தும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பராவில் மூன்று பிள்ளைகள், ஒரு போன். அந்தப் போனும் காலையில் கொழுந்து எடுக்கப் போகும் அம்மாவோடு மலைக்குப் போய்விடும். சிக்னல் தேடி மலை உச்சிப் பாறைக்கு ஏறிய பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிறகு 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து மறுபடியும் பாடசாலை நின்றது. அந்த நாட்களில் பல பிள்ளைகள் கலந்துரையாடலுக்கு வந்து சேரவே இல்லை. வராத பிள்ளையின் புள்ளியை வைத்து, நடக்காத கலந்துரையாடலுக்கு மதிப்பெண் போடுவது எந்த வகையில் நியாயம்?

அடுத்தது, "ஒன்லைன்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைப்பது. ஸூமில் நேரடியாகப் பேசுவதும் வட்ஸ்அப் குழுவில் எழுதுவதும் ஒன்றில்லை. ஸூமில் ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாது. குரல் அரை நிமிடம் வரும், அறுந்து போகும். கெமராவை மூடிவிட்டால் பிள்ளைக்கு விளங்கியதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. எழுதும் குழுவில் மாலை 5 மணிக்குக் கேட்ட கேள்விக்குப் பிள்ளை இரவு 9 மணிக்குப் பதில் போடலாம். யோசிக்க நேரம் உண்டு, அடித்துத் திருத்தி எழுதலாம். அதற்கும் ஒரு கெடுதல் இருக்கிறது. முதலில் ஒரு நல்ல பதில் வந்துவிட்டால் அதையே கொஞ்சம் மாற்றி இன்னும் பத்துப் பேர் அனுப்புவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம், வகுப்பறைக்கும் ஸூமுக்கும் இடையில் இருப்பதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

இனி நான் விட்ட பிழை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தோம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்த ஒப்பந்தம் அது. "இதனால் யாருக்கு நன்மை?" என்று கேட்டேன். இரண்டு பையன்கள் எழுந்து சூடாக வாதாடினார்கள். மற்றவர்கள் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்தது, மணி அடிக்கும் வரை நிமிரவில்லை.

அன்று மாலை குழுவில் வேறொரு கேள்வி போட்டேன். "உங்கள் வீட்டில் இருந்து இந்தியாவுக்குப் போனவர்கள் யார்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எழுதக் கஷ்டம் என்றால் குரலில் அனுப்புங்கள்."

இரவு எட்டரை தாண்டி அந்தப் பிள்ளையின் குரல் பதிவு வந்தது. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம். அதற்கு நடுவில் அவளுடைய அப்பாயி பேசுகிறார். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிப்போன, 'அழுகைக் கோச்சி' என்று சொல்லும் ரயிலில் தன் அண்ணன் குடும்பத்தை ஏற்றிவிட்டது, தலைமன்னாரில் கப்பல் ஏறப் போகிறவர்களோடு சேர்ந்து ஸ்டேஷனே அழுதது, அண்ணியின் கையில் ஒரு அம்மிக் குழவி இருந்தது. "அம்மிய விட்டுட்டு கொழவிய மட்டும் எதுக்கு கொண்டு போறீங்கன்னு கேட்டேன்" என்கிறார் அப்பாயி. அதோடு பதிவு முடிந்துவிடுகிறது.

மறுநாள் ஆசிரியர் அறையில் நான் சொன்னேன்: "ஒன்லைன்தான் நல்லது. வாய் திறக்காத பிள்ளை திறந்துட்டாள்." எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த கணித ஆசிரியர் கேட்டார், "ஏன் மிஸ், நீங்க கேட்ட கேள்வியும் மாறிப்போச்சே?"

அவர் சொன்னது சரி. வகுப்பில் நான் கேட்டது தீர்ப்புச் சொல்லும் கேள்வி. குழுவில் கேட்டது அவள் வீட்டுக்குள் பதில் இருக்கிற கேள்வி. நேரம் மாறியது, கேட்க ஒரு ஆள் கிடைத்தார், எழுதாமல் பேச அனுமதி கிடைத்தது. இத்தனையையும் மாற்றிவிட்டு, பலனை மட்டும் போனின் கணக்கில் எழுதிவிட்டேன். ஒப்பீட்டில் நம்மை அதிகம் ஏமாற்றுவது இந்தப் பிழைதான்.

பெரிய ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2009இல் வெளியிட்ட, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று, ஒன்லைனில் படித்தவர்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகச் செய்தார்கள், இரண்டையும் கலந்து படித்தவர்களிடம் பலன் இன்னும் தெளிவாக இருந்தது என்று சொன்னது. இதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் ஒன்லைன் பிரிவுகளுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சிகளும் கிடைத்தன, ஆகவே பலனை ஊடகத்தின் பெயரில் எழுத முடியாது என்று அதே அறிக்கை எச்சரித்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் அதில் மிகக் குறைவு. வளர்ந்தவர்களுக்கு வந்த முடிவைத் தோட்டப் பாடசாலையின் தரம் 6க்கு அப்படியே கொண்டுவர முடியாது. ரிச்சர்ட் கிளார்க் என்ற ஆய்வாளர் 1983இலேயே இதைச் சொன்னார்: ஊடகம் சாமான் ஏற்றி வரும் லொறி மாதிரி, உடம்பில் ஒட்டுவது சாமான்தான், லொறி இல்லை. எனக்கு இதில் முழு உடன்பாடு கிடையாது. நுவரெலியாவில் ஏற்றிய லீக்ஸ் வழியில் இரண்டு நாள் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இருந்தாலும் முதலில் சாமானைப் பார் என்று அவர் சொன்னது எனக்குப் பயன்பட்டது.

சத்தத்தைக் கலந்துரையாடல் என்று எண்ணுவதும் பிழை. வகுப்பில் "விளங்கிச்சா?" என்றால் "ஆமா மிஸ்" என்று கோரஸ் வரும். குழுவில் "விளங்கினது மிஸ்" என்று வரிசையாக முப்பது செய்தி வரும். இரண்டும் ஒன்றுதான். நான் ஒரு மாதம் வரவு இடாப்பின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். ஒரு காரணத்தோடு பேசினால், இன்னொரு பிள்ளை சொன்னதைப் பிடித்துப் பேசினால், ஒரு புள்ளி. வகுப்பில் நன்றாகப் பேச்சு நடந்தது என்று நான் நினைத்த நாட்களில் புள்ளி விழுந்தது அதே ஐந்தாறு பெயர்களுக்குப் பக்கத்தில். ஒப்பிட விரும்புகிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம் மௌனம். மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஒரு விநாடிகூடப் பொறுக்காத வகுப்பையும் நாலு மணி நேரம் பொறுக்கிற வட்ஸ்அப் குழுவையும் பக்கத்தில் வைத்து "கூச்சப்படும் பிள்ளைகளுக்கு ஒன்லைன்தான்" என்பது சரியான ஒப்பீடு இல்லை. வகுப்பிலும் பொறுத்துப் பாருங்கள், பிறகு ஒப்பிடுவோம். குழுவில் மௌனத்துக்கு வேறு அர்த்தங்கள் உண்டு. டேட்டா முடிந்திருக்கும், கரண்ட் போயிருக்கும், தம்பி போனை வைத்திருப்பான். அதை அக்கறையின்மை என்று குறித்து வைக்காதீர்கள்.

பிள்ளைகளிடம் "எது பிடித்தது?" என்று கேட்டு முடிவெடுப்பதும் போதாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. தாங்களே முட்டி மோதிப் படித்த மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் நல்ல விரிவுரை கேட்டபோதுதான் கூடுதலாகக் கற்றோம் என்று நம்பினார்கள். பிடிப்பது வேறு, படிவது வேறு.

மொழி விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். எழுதும் குழுவில் பிள்ளையின் எழுத்து எல்லோர் கண்ணிலும் படுகிறது. வீட்டில் பேசுகிற தமிழில் "எங்க பாட்டன் சொல்லுச்சி" என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்த இடத்திலேயே எழுத்துப்பிழை திருத்தாதீர்கள். ஒரு தடவை திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த மூன்று மாதம் "விளங்கினது மிஸ்" மட்டும்தான் அனுப்பும். அதைப் பார்த்துவிட்டு "ஒன்லைனில் ஆழமாகப் பேச மாட்டார்கள்" என்று நாம் எழுதி வைப்போம்.

அந்த அப்பாயியின் பதிவை, பிள்ளையிடமும் வீட்டிலும் கேட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து வகுப்பில் போட்டேன். வாதாடிய பையன்களில் ஒருவன் நெடுநேரம் கழித்துக் கேட்டான்: "அண்ணன் போனாருன்னா இந்த அப்பாயி ஏன் போகல?" உடனே இன்னொரு பிள்ளை, "எங்க வீட்டுலயும் பாதிப் பேர்தான் போனாங்க" என்றது. 1964இல் முடிவு சொல்லாமல் விட்ட 1,50,000 பேர், 1974இல் அவர்களை ஆளுக்கு 75,000 பேராக இரண்டு நாடும் பங்கு போட்டது என்று பாடப் புத்தகத்தின் அடுத்த பக்கத்துக்கு நாங்கள் அந்தக் கேள்வியின் கையைப் பிடித்துத்தான் போனோம். முகம் பார்த்து, ஒருவர் பேச்சை ஒருவர் பிடித்து ஓடிய அந்த ஐந்து நிமிடம் குழுவில் நடந்திருக்காது. அந்த இரவுப் பதிவு இல்லாமல் வகுப்பிலும் நடந்திருக்காது.

ஒரு வாரம் கழித்து, போனும் கொப்பியும் இல்லாமல், அரைத் தாளில் தனியாக எழுதச் சொன்னேன். கேள்வி பழையதுதான்: இந்த ஒப்பந்தத்தால் யாருக்கு நன்மை? இந்தத் தாள்களை வைத்துத்தான் இப்போது ஒப்பிடுகிறேன். மூன்றாம் வரிசைப் பிள்ளை முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். இரண்டு காரணம், ஒரு ஆண்டு பிழை. கடைசி வரியில், குழவி இல்லாத அம்மி இன்னும் அவர்கள் காம்பராவுக்குப் பின்னால் கிடக்கிறது என்று இருந்தது.