திரைப்படப் பயிற்சிக் காட்சியிலிருந்து உங்கள் உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய படம் வெளிவரும் வாரத்தில், தியேட்டர் வாசலில் நிற்கும் இளைஞர்கள் படத்தின் கதையைவிட, நாயகன் அந்தப் படத்துக்காக எத்தனை கிலோ குறைத்தார் என்பதைத்தான் கூடுதலாகப் பேசிக்கொள்வார்கள். அந்தச் சூட்டோடு ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு, அடுத்த மாதமே அந்தப் பக்கம் போகாமல் விடுபவர்களும் நம்மிடையே உண்டு. சுவரொட்டியில் இருக்கும் உடம்பை மாதிரியாக எடுத்துக்கொள்வதே இதற்கு முதற்காரணம் என்பது என் கருத்து. சட்டையில்லாத அந்த ஒரு காட்சிக்காக நடிகர்கள் முன்கூட்டியே தண்ணீரையும் உப்பையும் குறைப்பதும், கமரா ஓடுவதற்குச் சற்று முன் தசைகள் புடைக்கப் பயிற்சி செய்வதும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ வைப்பதும் திரைத்துறையில் வழக்கமானவை. எனவே அதே உடம்பு அந்த நடிகருக்கே மறுநாள் இருக்குமென்று சொல்ல முடியாது. ஒரு தொடக்கக்காரருக்கு உதவக்கூடியது அந்த உடம்பு உருவாகும் பயிற்சிக் காட்சிதான். இந்த விளக்கம் முழுவதும் அதைப் பற்றியதே.

முதலாவது படி: ஒரே ஒரு காட்சியைத் தெரிவு செய்யுங்கள்

படத்தையன்று, காட்சியைத் தெரிவு செய்யுங்கள். அதில் நாயகனோ நாயகியோ கருவிகள் அதிகமின்றிப் பயிற்சி செய்ய வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் திணறுவதும் அதில் தெரிய வேண்டும். 1976இல் வெளிவந்த 'ரொக்கி' என்ற குத்துச்சண்டைப் படத்தில், பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் 72 படிகளை நாயகன் பாய்ந்தேறி இரு கைகளையும் உயர்த்தும் இடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அதே படத்தில், அதற்கு முன்பு, விடியாத குளிரில் அதே படிகளை ஏறி முடிப்பதற்குள் மூச்சிரைத்து, விலாவைப் பிடித்துக்கொண்டு அவன் தடுமாறும் காட்சியும் இருக்கிறது. உங்களுடைய முதலாவது நாள் அந்தத் தடுமாற்றத்தைத்தான் ஒத்திருக்கும். இதை முன்கூட்டியே அறிந்திருப்பவர் மனம் சோர்ந்துபோக மாட்டார்.

தமிழில் தேடுவோருக்கு, பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) மிகப் பொருத்தமானது. குடியால் உடல் கெட்டு, தொந்தியும் விழுந்த நாயகன் மீண்டும் கடற்கரையில் ஓடி உடலைத் தேற்றிக்கொள்ளும் பகுதி, நாற்பது வயதை எட்டிய நம்மவர் பலருக்கு நேரடியாகவே உறைக்கும். பெண்களுக்கு 'இறுதிச்சுற்று' (2016) படத்தைப் பரிந்துரைப்பேன். அதில் நடித்த ரித்திகா சிங் நிஜவாழ்விலும் கிக் பொக்சிங் வீராங்கனை என்பதால், அவரது கால்நகர்வைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது படி: காட்சியைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதில் வரும் அசைவுகளை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் ஓட்டம், கயிறு அடித்தல், தண்டால், காற்றில் குத்துவிடுதல் ஆகிய நான்குக்குள் எல்லாம் அடங்கிவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, இன்று உங்களால் செய்யக்கூடிய இலகுவான வடிவத்தை எழுதுங்கள்: ஓட்டத்துக்கு விரைந்த நடை, தண்டாலுக்கு விறாந்தைக் குந்தில் (திண்ணை விளிம்பில்) கையூன்றிச் செய்யும் தண்டால். படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்துபோவது உண்மையில் பல மாத உழைப்பு. 'டங்கல்' என்ற மல்யுத்தப் படத்துக்காக ஆமிர் கான் முதலில் உடம்பைப் பெருக்கி, வயதான பகுதிகளில் நடித்து முடித்த பின்னரே, பயிற்றுநர்களின் துணையோடு மாதக்கணக்கில் உழைத்து இளமைப் பகுதிக்காக இளைத்தார். நேரமும் பணமும் ஆட்களும் இருந்தவருக்கே அத்தனை காலம் எடுத்ததென்றால், வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் ஒருவர் ஆறு வாரத்தில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மூன்றாவது படி: அசைவுகளைச் சரியாகப் பழகுங்கள்

அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் இதுதான். குந்துத் தண்டாலில், கைகளைத் தோளின் அகலத்தைவிடச் சற்று அகலமாக ஊன்றி, தலை முதல் குதிவரை உடல் ஒரே கோட்டில் இருக்க, நெஞ்சு விளிம்பை நெருங்கும்வரை மெதுவாக இறங்கி, மூச்சை விட்டபடி எழுங்கள். இடுப்புத் தொய்யத் தொடங்கினால், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் அந்தச் சுற்றை அத்துடன் நிறுத்துங்கள்.

கயிறு வாங்கும்போது, அதன் நடுவில் ஒரு காலை வைத்து நின்று இரு பிடிகளையும் மேலே இழுத்துப் பாருங்கள். அவை அக்குள் வரை வந்தால் அளவு சரி. கயிறு கடந்துபோகும் அளவுக்கு மட்டும் எழும்பினால் போதும். உயரத் துள்ளுவது படத்தில் அழகு, முழங்காலுக்குக் கேடு. சீமெந்துத் தரையைவிட இறுகிய மண் முற்றம் நல்லது, சப்பாத்து அணிந்துகொள்ளுங்கள்.

குத்துப் பயிற்சிக்கு, வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து, பின்னங்காலின் குதியைச் சற்று உயர்த்தி, நாடியைத் தாழ்த்தி, இரு கைமுட்டிகளையும் கன்னத்தருகே வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கையை முழுவதுமாக விறைக்காமல் குத்தை நீட்டி, போன வழியாலேயே முட்டியைக் கன்னத்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். புதியவர்கள் நீட்டுவதில் காட்டும் அக்கறையைத் திருப்பிக் கொண்டுவருவதில் காட்டுவதில்லை. வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நான்காவது படி: வாரத்தை ஒழுங்கு செய்யுங்கள்

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாட்கள் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதை ஐந்து நாட்களில் முப்பது நிமிட நடையாகவும், அவற்றில் ஒன்றுவிட்ட இரண்டு நாட்களில் தண்டாலும் பஸ்கியுமாகப் பிரித்துக்கொள்ளலாம். குத்துச்சண்டையில் ஒரு சுற்று மூன்று நிமிடம், இடைவேளை ஒரு நிமிடம். தொடக்கக்காரர் இதைத் தலைகீழாக்கி, ஒரு நிமிடம் குத்துவிட்டு மூன்று நிமிடம் நடந்து ஆறலாம். வாரங்கள் செல்லச் செல்ல விகிதத்தை மாற்றுங்கள். பயிற்சி செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசைநோவு வருவது இயல்பு. மூட்டுக்குள் குத்துவதும், நெஞ்சில் இறுக்கமும், தலைச்சுற்றும் இயல்பல்ல. உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லுங்கள். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தொடங்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது படி: இடத்தையும் நேரத்தையும் தீர்மானியுங்கள்

நம் ஊர் தட்டையானது. ஓடி ஏற மலையில்லை. அந்தக் குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்து வீதியில் வேலணைப் பக்கமாகச் சைக்கிளை மிதித்துப் பாருங்கள். எதிர்க்காற்று தொடைகளுக்கு மலையேற்றத்தின் வேலையைக் கொடுக்கும். போகும்போது காற்றுக்கு எதிராகவும், களைத்துத் திரும்பும்போது காற்றோடும் வருவதுதான் புத்தி. நடப்பவர்கள் கோட்டையைச் சூழ்ந்த பகுதியையோ அருகிலுள்ள பாடசாலை மைதானத்தையோ தெரிவு செய்யலாம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். வீதியில் ஓடக் கூச்சமாக இருந்தால், அதிலும் பெண்களுக்கு அந்தச் சங்கடம் கூடுதல், வீட்டு முற்றமும் மாடிப்படியும் போதும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புட்டையோ இடியப்பத்தையோ விட வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, அவித்த பயறு, முட்டை, மீன், கீரை ஆகியவற்றைக் கூட்டுங்கள். புரத மாவு டின் தொடக்கக்காரருக்குத் தேவையற்ற செலவு. படம் பார்க்கும்போது கையில் இருக்கும் றோல்ஸையும் சோடாவையும் அளவான வறுத்த கச்சானும் தண்ணீருமாக மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

ஆறாவது படி: முன்னேற்றத்தை அளந்து எழுதுங்கள்

கண்ணாடி ஏமாற்றும், தராசும் சில வாரங்கள் அசையாது நிற்கும். ஆகவே இடுப்புச் சுற்றளவையும், காலையில் எழுந்தவுடன் எண்ணும் நாடித்துடிப்பையும், தொய்யாமல் செய்யக்கூடிய தண்டால்களின் எண்ணிக்கையையும் மாதம் ஒருமுறை அதே கொப்பியில் குறியுங்கள். குந்தில் பதினைந்து தண்டால்கள் சுத்தமாக வரும்போது, அதைவிடத் தாழ்ந்த படிக்கட்டுக்கு இறங்குங்கள். அதன் பிறகு தரைக்கு.

சலிப்பு வந்தால் காட்சியை மாற்றுங்கள், நாட்களை மாற்றாதீர்கள். குத்துச்சண்டை அலுத்தவர் 'வெண்ணிலா கபடிக் குழு' (2009) பக்கம் போகலாம்: கபடியில் ஒரு பாடிச்செல்லலுக்கு (ரெய்டுக்கு) முப்பது விநாடி. அந்த முப்பது விநாடிக்கு முற்றத்தில் குனிந்து பக்கவாட்டாக நகர்ந்து, ஒரு நிமிடம் ஆறி, மீண்டும் செய்யுங்கள். தொடக்கத்துக்கு ஐந்து தடவை போதுமானது.