புத்தாண்டுக் கணிப்பு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு மார்கழியிலும் உலக அரசியல், பொருளாதாரம் பற்றிய தங்கள் புத்தாண்டுக் கணிப்புகளை இளம் எழுத்தாளர்கள் சிலர் என்னிடம் படித்துப் பார்க்கத் தருகிறார்கள். இம்முறை வந்தவற்றில், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளே அச்சு மாறாமல் திரும்பி வந்திருந்தன. மில்லியனையும் பில்லியனையும் குழப்புவது போன்றவற்றை எந்த உதவி ஆசிரியரும் திருத்திவிடுவார் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

'மறுப்பதற்கில்லை' என்று எழுதுவது

"போர் மூளும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை" என்ற வாக்கியம் ஒருபோதும் பொய்ப்பதில்லை. போர் வந்தால் முன்பே சொன்னதாகச் சொல்லிக்கொள்ளலாம். வராவிட்டால் வரும் என்று நாம் சொல்லவே இல்லை.

2022 ஜனவரியில் நானும் இப்படித்தான் எழுதினேன். உக்ரைன் எல்லையில் ரஷ்யா ஒரு லட்சம் படையினரைக் குவித்திருந்த நேரம் அது. விருதுநகரில் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் என் மாமன் மகன் கட்டுரையைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அப்போது உக்ரைனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. "சரக்கு வாங்கிப் போடவா, வேண்டாமா அத்தான்?" என்று கேட்டான். இரண்டு பக்கம் எழுதியிருந்த எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. "பார்த்துச் செய்" என்றேன். பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கியது, உக்ரைனின் கருங்கடல் துறைமுகங்கள் முடங்கின, விலை ஏறியது. முன்பே விலை பேசி ஒப்புக்கொண்ட கடைகளுக்கு அவன் கைப்பணத்தை இழந்து சரக்கு வாங்கிக் கொடுத்தான். அதே வாரத்தில் நான் "ஜனவரியிலேயே எழுதியிருந்தேனே" என்று நண்பர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இது பழைய நோய். சோவியத் முகாம் யூகோஸ்லாவியாவைத் தாக்குவதற்குக் 'கணிசமான சாத்தியம்' இருப்பதாக 1951இல் அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று கூறியது. அதைத் தயாரித்தவர்களிடமே அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று அமெரிக்க உளவுத்துறை ஆய்வாளர் ஷெர்மன் கென்ட் விசாரித்தபோது, ஒருவர் மனத்தில் 20 விழுக்காடும் இன்னொருவர் மனத்தில் 80 விழுக்காடும் இருந்தது தெரியவந்தது. ஒரே வாக்கியத்தை ஒப்புக்கொண்டு ஒன்றாக எழுதியவர்கள் அவர்கள்.

ஆகவே எண்ணைச் சொல்லுங்கள், நாளைக் குறியுங்கள். 'ஜூன் 30க்குள் வட்டி குறைய 70 விழுக்காடு வாய்ப்பு' என்று எழுதினால் ஜூலை முதல் நாளில் உங்களைப் பிடித்து நிறுத்திக் கேட்க முடியும். மதிப்பெண் போடும் முறையை வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950இலேயே தந்துவிட்டார்: நிகழ்ந்தால் 1, நிகழாவிட்டால் 0, அதற்கும் நீங்கள் சொன்ன எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கமே உங்கள் பிழை. 0.7 என்று சொன்னது நடந்தால் பிழை 0.09, நடக்காவிட்டால் 0.49. எல்லாவற்றுக்கும் 0.5 என்று எழுதித் தப்பிப்பவருக்கு எப்போதும் 0.25 வரும்; ஆண்டுச் சராசரி அதற்கும் மேலே போனால் வாசகருக்கு அக்கட்டுரையால் பயனில்லை. முதன்முதலாகக் கணக்குப் போட்ட ஆண்டில் என் சராசரி மேலேதான் இருந்தது. நாம் கேலி செய்யும் பஞ்சாங்கம்கூட மழைக்கு மரக்கால் கணக்கும், ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம், விரயம் என்று எண்ணும் போட்டுத்தான் அச்சாகிறது.

இன்றைய விலையைக் கோடு இழுத்து நீட்டுவது

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது 200 டாலர் என்ற பேச்சு எங்கும் இருந்தது. டிசம்பரில் அது 40 டாலருக்கும் கீழே கிடந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில், அதாவது விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுக்கும் நிலையில், முடிந்தது. இரண்டே ஆண்டுகளுக்குள், 2022 மார்ச்சில், அதே எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது. விலை உயர்ந்தால் புதுக் கிணறுகள் தோண்டப்படும், நுகர்வு சுருங்கும். விலை விழுந்தால் கிணறுகள் மூடப்படும். போக்கைத் திருப்பும் விசை அந்தப் போக்கிலேயே இருப்பதைக் கோடு இழுப்பவர்கள் பார்ப்பதில்லை.

எல்லோரும் சொல்வதால் உறுதி என்று கொள்வது

2023இல் அமெரிக்கப் பொருளாதாரம் சுருங்கும் என்று 2022 இறுதியில் பெரும்பாலோர் எழுதினார்கள். நானும் அந்த வரிசையில் நின்றேன். மத்திய வங்கி, பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 விழுக்காட்டுக்கு உயர்த்தியும், அந்த ஆண்டு பொருளாதாரம் 2 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது.

போன ஆண்டுப் பட்டியலை மறைப்பது

தவறியவற்றையே முதலில் அச்சிடுங்கள்.

'கறுப்பு அன்னம்'

யாரும் எதிர்பாராத பெரும் நிகழ்வுக்கு, அது நடந்த பிறகு சூட்டும் பெயர்.

அமைதியாக இருக்கும் நாட்டைப் பட்டியலிலிருந்து விடுவது

மத்திய கிழக்கு இருபது ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு அமைதியாக இருப்பதாக அமெரிக்க தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜேக் சல்லிவன் 2023 செப்டம்பர் 29 அன்று கூறினார். எட்டே நாளில், அக்டோபர் 7 அன்று, ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியது. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. சிரியாவில் 2024 நவம்பர் 27 அன்று கிளர்ச்சியாளர்கள் புறப்பட்டார்கள்; டிசம்பர் 8 அன்று, 24 ஆண்டுகள் ஆண்ட பஷார் அல் அசாத் மாஸ்கோவுக்குத் தப்பி ஓடினார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நான் எழுதிய பட்டியலில் சிரியா என்ற சொல்லே இல்லை.